லுக்பான் பாஹியாஸ் திருவிழா: வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டியது

பிலிப்பைன்ஸின் கேசோன் மாகாணத்தில், பனாஹாவ் மலையடிவாரத்தில் இருக்கிறது லுக்பான். ஆண்டுதோறும் மே 15 அன்று இங்கே பாஹியாஸ் நடக்கிறது. உழவர்களின் புனிதரான சான் இசித்ரோ லாப்ரதோருக்கு விளைச்சலுக்காக நன்றி சொல்லும் நாள் அது. வீட்டு முகப்பு முழுக்க நெற்கதிர், வாழைத்தார், சௌசௌ, கத்தரிக்காய், பயத்தங்காய், மிளகாய் என்று கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். தெருவில் நடந்து பார்க்கக் கட்டணம் எதுவும் கிடையாது. தாராளமாகப் போகலாம். ஆனால் எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விழாவின் உயிர் கிபிங். ஊறவைத்து அரைத்த அரிசி மாவில் சாயம் கலந்து, கபால் என்ற மரத்தின் இலைமேல் மெல்லியதாகப் பூசி, ஆவியில் வேகவைக்கிறார்கள். காய்ந்ததும் இலையைப் பிரித்தெடுத்து, சுருளாமல் இருக்கப் பாரம் ஏற்றி வைக்கிறார்கள். நம் இலை வடாம் செய்யும் முறைதான். ஆனால் அதைவிட மெல்லியது; இலையின் நரம்பு ஒவ்வொன்றும் அதில் பதிந்திருக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா என்று அடுக்கடுக்காகக் கோத்துச் செய்யும் சரவிளக்கு வடிவத்துக்கு அரான்யா என்று பெயர். அதன் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து விழும்போதுதான் நிறம் முழுதாகத் தெரியும். நேர் எதிரே நின்று எடுக்கும் படத்தில் அந்த அழகில் பாதிகூட வராது.

அரிசி என்பதால் கிபிங்குக்கு ஈரம் ஆகாது. மே நடுவில் மதியத்துக்கு மேல் மழை வருவது இங்கே சாதாரணம். நனைந்தால் கிபிங் துவண்டுபோகும். காய்கறியும் கீரையும் வெயிலில் வாடிவிடும். அதனால் காலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள் பார்ப்பதுதான் நல்ல பாஹியாஸ். அலங்காரம் புதிதாக இருக்கும், நடக்கவும் இடமிருக்கும். பத்து மணிக்கு மேல் தேவாலயத்தைச் சுற்றிய தெருக்களில் தோளோடு தோள் இடிக்கும். சின்னக் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் அந்த நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

எல்லாத் தெருவிலும் அலங்காரம் இருக்காது. சான் இசித்ரோவின் ஊர்வலம் போகும் பாதையில் உள்ள வீடுகள்தான் அலங்கரிக்கின்றன. அந்தப் பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு தெருவுக்கு முறை திரும்பி வரச் சில ஆண்டுகள் ஆவதால், முறை வந்த வீட்டார் கையைச் சுருக்குவதில்லை. வருகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. போன ஆண்டு போனவர் சொல்லும் தெருப்பெயர் இந்த ஆண்டு உதவாது. நகராட்சி வெளியிடும் அந்த ஆண்டின் பாதை வரைபடத்தை முன்கூட்டியே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் இணையத்தை நம்ப முடியாது. பெரும்பாலோர் சான் லூயிஸ் ஒபிஸ்போ தேவாலயத்தில் தொடங்கி அங்கேயே தேங்கிவிடுகிறார்கள். நீங்கள் பாதையின் கடைக்கோடியிலிருந்து தேவாலயத்தை நோக்கி நடந்து வாருங்கள். நின்று பார்க்க முடிவது அந்தக் கோடித் தெருக்களில்தான்.

மணிலாவிலிருந்து லுசேனாவுக்குப் பேருந்து, அங்கிருந்து தயாபாஸ் வழியாக லுக்பானுக்கு ஜீப்னி என்ற ஷேர் வண்டி. லகுனா பக்கமிருந்து வருகிறவர்களுக்கு சாந்தா குரூஸ், லூயிசியானா வழி இருக்கிறது. சாதாரண நாளில் மணிலாவிலிருந்து மூன்று நான்கு மணி நேரப் பயணம். விழா நாளில் அந்தக் கணக்கு செல்லாது, ஊர் நடுவே வண்டிகளையும் விடமாட்டார்கள். மணிலாவிலிருந்து அன்றே கிளம்பி அன்றே திரும்பும் திட்டத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். முந்தின இரவே வந்து தங்குங்கள். லுக்பானில் அறை கிடைக்காவிட்டால் தயாபாஸ் அல்லது லுசேனாவில் பாருங்கள். 2027இல் மே 15 சனிக்கிழமை. அறையைச் சீக்கிரமே பிடித்துவிடுவது நல்லது.

சாப்பாட்டில் தவறவிடக் கூடாதது பன்சித் ஹப்ஹப். வாழையிலைத் துண்டில் நூடுல்ஸை வைத்து, மேலே வினிகர் ஊற்றித் தருவார்கள். கரண்டி கிடையாது; இலையைத் தூக்கி வாயருகே வைத்து அப்படியே சாப்பிட வேண்டும். இலையைக் குழிவாகப் பிடிக்காவிட்டால் வினிகர் சட்டையில்தான். பூண்டு மணமும் புளிப்பும் தூக்கலான லுக்பான் லொங்கனிசா என்ற சாசேஜ் பன்றி இறைச்சியில் செய்வது. சைவர்களுக்கு இங்கே கஷ்டம்தான். பன்சித்தில் சௌசௌவும் காயும் தெரிந்தாலும் கூடவே இறைச்சி இருக்கும். இறைச்சி வேண்டாம் என்றாலும் எல்லாம் ஒரே சட்டியில் கிளறியதாக இருக்கலாம். பழமும் ரொட்டியும் கையில் இருக்கட்டும். சில்லறைப் பெசோவும் வேண்டும். தெருக்கடையில் 1,000 பெசோ தாளை நீட்டினால் மீதிக்குத் தவிக்க வேண்டியிருக்கும்.

குறை என்றால் விளம்பரங்கள். சில இடங்களில் நிறுவனங்களின் பதாகை கிபிங்கையே மறைக்கும் அளவுக்குப் பெரியது. ஒரு குடும்பம் இரவெல்லாம் கண்விழித்துக் கோத்ததன் முன்னால் பிளாஸ்டிக் துணி தொங்குவதைப் பார்க்க மனம் வலிக்கிறது. கழிப்பறைக்கும் வரிசையில் நிற்க வேண்டிவரும். காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும் கடையிலேயே அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

தொங்குகிற காயையோ கிபிங்கையோ பிய்க்காதீர்கள். அலங்காரத்துக்கு நடுவர்கள் மதிப்பெண் போட்டுப் பரிசு தருகிறார்கள். அதைவிட முக்கியம், அது ஒரு வீட்டின் காணிக்கை. வாசலுக்குள் நுழைந்து படம் எடுப்பதானால் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊர்வலம் வரும்போது ஓரமாக ஒதுங்கித் தொப்பியைக் கழற்றுங்கள். சுற்றுலாப் பயணிக்கு அது காட்சி. பக்கத்தில் நிற்கும் பாட்டிக்கு வழிபாடு.

ஊருக்குக் கொண்டுபோக கிபிங் வாங்கினால், பையில் அப்படியே வைத்தால் நொறுங்கிவிடும். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து ஈரம் புகாத உறையில் போடுங்கள். சாப்பிட வாங்குவதானால் அதைச் சொல்லியே கேளுங்கள். அலங்காரத்துக்குச் செய்ததில் என்ன சாயம் சேர்த்தார்கள் என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். கைச்சுமை குறைவாக இருந்தால் பனை நாரில் பின்னிய புந்தால் தொப்பி ஒன்றும் வாங்கலாம். லுக்பானின் பெயர்போன கைவேலை அது, அன்றைய வெயிலுக்கும் உடனே பயன்படும்.