சனிக்கிழமை எந்தப் பக்கம்: சென்னையா, பெங்களூரா?

ஜோலார்பேட்டைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. ரயிலில் கிழக்கே போனால் சுமார் 215 கிலோமீட்டரில் சென்னை, மேற்கே போனால் சுமார் 145 கிலோமீட்டரில் பெங்களூரு. காலையில் கிளம்பினால் இரவு வீட்டில் வந்து படுக்கலாம். வார இறுதியில் தனியாகப் போய்வர ஆசைப்படும் இன்ட்ரோவர்ட்டுக்கு இரண்டில் எது தோது?

அதிகம் பேசாத ஆளுக்கு இரைச்சல் பிடித்த ஊரில் என்ன வேலை, பக்கத்திலேயே ஏலகிரி இருக்கிறதே என்பார்கள். ஏலகிரியில் சனிக்கிழமை போய்ப் பாருங்கள், பாதி ஊர் அங்கேதான் நிற்கும். என்னைக் களைப்பாக்குவது கூட்டம் இல்லை, விசாரிப்பு. "என்ன தனியா வந்திருக்கே?", "இப்போ எங்கே வேலை?", "அந்த விஷயம் என்னாச்சு?" அந்த விஷயம் என்றால் கல்யாணம். பெருநகரத்துக் கூட்டத்துக்கு இதையெல்லாம் கேட்க நேரமில்லை. அதனால் என் அளவுகோல் எளிது: ஒரு நாளில் எத்தனை முறை வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது?

பயணத்தில் சென்னைக்குத்தான் மதிப்பெண். ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஜோலார்பேட்டையிலேயே கிளம்புகிற வண்டி. விடியுமுன் போய்விட்டால் ஜன்னலோரம் கிடைக்கும். சீசன் டிக்கெட் கோஷ்டி சீட்டுக்கட்டோடு ஏறும், ஆனால் அவர்களுக்கு அவர்கள் உலகம். பெங்களூருக்குப் போகும் வண்டிகள் பெரும்பாலும் எங்கிருந்தோ நிரம்பி வருபவை. தூங்குகிறவரை எழுப்பி இடம் கேட்பதைவிட நின்றுகொண்டே போகலாம் என்று தோன்றும், நான் அப்படித்தான் போகிறேன். ஒரு ஆறுதல்: கிருஷ்ணராஜபுரத்திலேயே இறங்கிவிடலாம். 2023 அக்டோபரில் அந்தப் பக்கம் ஊதா வழி மெட்ரோ முழுதாக இணைந்த பிறகு, பெரிய ரயில், பஸ் நிலையங்கள் இருக்கும் மெஜஸ்டிக் பகுதியின் நெரிசலைப் பார்க்காமலே கப்பன் பூங்கா நிலையத்தில் போய் இறங்கலாம். ஆட்டோ பேரம் கிடையாது.

சாப்பாட்டில் பெங்களூரின் தர்ஷினியை, அதாவது அங்கத்துச் சுயசேவைச் சிற்றுண்டிக் கடையை, அடிக்க ஆளில்லை. காசைக் கொடுத்து டோக்கன் வாங்கி, கவுன்டரில் நீட்டி, நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். சங்கரபுரத்தில் 1965 முதல் இருக்கும் பிராமின்ஸ் காபி பாரில் சாம்பாரே கிடையாது, சட்னி மட்டும்தான். பட்டியலும் ஒரு கை விரல்களைத் தாண்டிச் சற்றுத்தான் போகும்: இட்லி, வடை, காரா பாத், கேசரி பாத், காபி, டீ. யோசிக்கவும் வேண்டாம், பேசவும் வேண்டாம். அதே ஊரில் 1943இல் தொடங்கிய வித்யார்த்தி பவனின் தோசை புகழ்பெற்றது. ஆனால் வார இறுதியில் வாசலில் காத்திருந்து, தெரியாதவர்களோடு ஒரே மேஜையில் உட்கார வேண்டும். ருசிக்காக ஒரு தடவை போகலாம், அமைதிக்காகப் போக முடியாது. சென்னை ஹோட்டல்களில் உட்கார்ந்ததுமே "சார், என்ன சாப்பிடுறீங்க?" என்று ஆரம்பித்துவிடும். நான்கு பேர் மேஜையில் தனியாக இருந்தால், குடும்பம் ஒன்று வந்ததும் வேறு இடத்துக்கு மாறச் சொல்வார்கள். இட்லி சாம்பார் பிரமாதம்தான், சரி. ஆனால் இங்கே கேள்வி அது இல்லையே.

படிப்பதற்கு இடம் என்று வரும்போதுதான் எனக்கு உண்மையிலேயே திண்டாட்டம். கப்பன் பூங்காவில் 2023 தொடக்கத்திலிருந்து சனிக்கிழமை காலைகளில் ஒரு கூட்டம் கூடுகிறது, பெயர் கப்பன் ரீட்ஸ். பாயை விரித்து, கொண்டுவந்த புத்தகத்தை அவரவர் மௌனமாகப் படிக்கலாம். உறுப்பினர் படிவம் இல்லை, 'உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்' இல்லை, படித்ததைப் பற்றிப் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. அறிமுகப் படலம் இல்லாத ஒரு கூட்டத்தை யோசித்தவர்கள் நீடூழி வாழ்க. பிறகு இது பல ஊர்களுக்கும் பரவிவிட்டது. படித்து முடித்தால் சர்ச் தெருவுக்கு நடக்கலாம். பிளாசம், புக்வார்ம் போன்ற கடைகளில் பழைய புத்தக அடுக்குகளுக்கு நடுவே நின்று மணிக்கணக்கில் புரட்டலாம்.

சென்னையின் பதில் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், நம் புத்தகத்தை நாமே கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. சென்ட்ரலுக்கு எதிரே பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டூர்புரத்தில் இறங்கி நடக்கும் தூரம்தான். அந்தப் பறக்கும் ரயிலையே ஒரு சுற்றுலாவாகச் சொல்வேன். பிரம்மாண்டமான நிலையங்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் காலியாகக் கிடக்கும் நடைமேடைகள். ஊர்க்காரர்கள் பாழடைந்து கிடக்கிறது என்று குறைப்படுவார்கள், எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. நூலகத்தில் இன்னொரு நன்மை, பெங்களூரு மழையைப் போல யாரும் நடுவில் வந்து கலைக்க மாட்டார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் தலையே நிமிர்த்துவதில்லை. அவர்கள் நடுவில் வெறும் கதைப்புத்தகத்தோடு உட்கார்ந்தால் லேசாகக் குற்ற உணர்ச்சி வரும், அதுதான் பிரச்சினை.

அருங்காட்சியகம் விரும்புகிறவர்களுக்குச் சென்னையே. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் நம் சனி ஞாயிறுக்குப் பாதிப்பில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் விலங்குகளின் எலும்புக்கூட்டைப் பார்க்க ஓடுவார்கள், பெரியவர்கள் அவர்கள் பின்னால் ஓடுவார்கள். வெண்கலப் படிமங்களின் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் நகரச் சொல்வதில்லை. பெங்களூரில் அரண்மனைச் சாலையில் தேசிய நவீனக் கலைக் காட்சியகம் இருக்கிறது. பழைய மாளிகை, பெரிய மரங்கள், ஆளரவமே இருக்காது. ஆனால் அங்கே போனால் ஓவியத்தைவிட மரத்தடியில்தான் நான் அதிகம் இருக்கிறேன்.

கடலுக்குப் பெங்களூரிடம் பதிலே இல்லை. மெரினாவின் ஞாயிறு மாலைக் கூட்டத்தைச் சொல்லி நண்பர்கள் பயமுறுத்துவார்கள். கவனித்துப் பாருங்கள், அத்தனை பேரும் ஒரே திசையில் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். யார் முகமும் யாரையும் பார்ப்பதில்லை. பூங்காவில் அப்படி இல்லை. எதிரே நடந்து வருகிறவரின் கண்ணைச் சந்திக்க வேண்டும், அப்புறம் சிரிப்பதா வேண்டாமா என்று ஒரு குழப்பம், அவரே அடுத்த சுற்றில் மறுபடி வந்தால் இன்னும் குழப்பம்.

இவ்வளவு சொன்னபின், சென்னையின் பெரிய குறையையும் சொல்ல வேண்டும்: சொந்தக்காரர்கள். அம்பத்தூரில் ஒரு சித்தி, குரோம்பேட்டையில் ஒரு மாமா இல்லாத வடாற்காட்டுக் குடும்பம் அபூர்வம். ஸ்டேட்டஸில் ஒரு கடல் படம் போட்டால் போதும், "மெட்ராஸ் வரைக்கும் வந்துட்டு வீட்டுக்கு வராமப் போறியேப்பா" என்று போன் வரும். போனால் விருந்து, விருந்தோடு விசாரணை. அதற்கு என் ஊர் திருப்பத்தூரிலேயே இருந்திருக்கலாம். பெங்களூரில் எனக்கு யாரையும் தெரியாது. கன்னடமும் அரைகுறை, அதனால் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் சொல்லவும் தேவையில்லை.

இரவு தங்குவதில் இரண்டும் சுமார்தான். பெங்களூரின் மலிவான ஹாஸ்டல்களில் இரவானால் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேச வைப்பார்கள், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். தனி அறைக்குக் கூடக் கொஞ்சம் செலவழிப்பது நல்லது.

ஒரே நாள் என்றால் என் ஓட்டு பெங்களூருக்கு. குடியரசு தினம், சுதந்திர தினத்தையொட்டி லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கும் வாரங்களில் மட்டும் வேண்டாம், நகரமே அங்கேதான் இருக்கும். இரண்டு நாள் கிடைத்தால் சென்னை. அதிலும் மார்கழியில் சபாக்களில் மதியக் கச்சேரிகள் பலவும் இலவசம். பாதி நாற்காலி காலி, கடைசி வரிசை நமக்கு. ஸ்டேட்டஸ் மட்டும் ஊர் திரும்பிய பிறகு போடுங்கள்.