பி.லிப்., எம்.லிப்.: எங்கே படித்தால் செலவுக்கு ஏற்ற பலன்?

நூலகத் துறைக்கு வர நினைப்பவர்கள் பெரும்பாலும் ஃபீஸை வைத்துத்தான் கல்லூரி தேடுகிறார்கள். எந்த வேலைக்குக் குறிவைக்கிறோம் என்பது தெளிவானால் தேடல் பாதியாகக் குறையும். கேந்திரிய வித்யாலயா போன்ற பள்ளிகளுக்கு பி.லிப். (நூலக அறிவியல் இளநிலைப் பட்டம்) போதும். கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால் எம்.லிப்.பில் (அதன் முதுநிலை) 55 சதவீதமும், அதோடு நெட் அல்லது செட் என்னும் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் (இல்லையேல் முனைவர் பட்டம்) கேட்பார்கள். 'தகவல் மேலாண்மை' என்று பெயரிட்ட எம்.பி.ஏ. இந்த வேலைக்கு எடுபடாது. லட்சங்களைக் கட்டிவிட்டுப் புலம்புவானேன்?

வேலையில் இருப்பவர்களுக்குத் தொலைநிலையில் சொல்லித்தரும் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்). டிகிரி முடித்தவருக்கு ஓராண்டு பி.லிப்., அடுத்த ஓராண்டு எம்.லிப். சம்பளம் நிற்காது, வாடகை கிடையாது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இதே வழிதான். இரண்டில் எதில் சேர்ந்தாலும், அந்தக் கல்வியாண்டுக்கு யு.ஜி.சி. அனுமதி உண்டா என்று பார்த்துவிடுங்கள். குறை எங்கே என்றால், கைப்பழக்கத்தில். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டியூயி பகுப்பு முறையைப் பாடமாகப் படித்துத் தேர்வெழுதியவர், நேர்காணலில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து எண் போடச் சொன்னால் திணறுவார். பக்கத்துக் கல்லூரி நூலகரைக் கெஞ்சியாவது சில மாதம் அங்கே உட்காருங்கள். நூலக வேலைகளைக் கணினியில் நடத்த உதவும் கோஹா இலவச மென்பொருள்தான். வீட்டுக் கணினியிலேயே நிறுவிப் பழகலாம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் நேரடி வகுப்பு. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924இல் நூலகராகச் சேர்ந்த இடம். 1931 முதல் நூலகப் பயிற்சி நடத்திவரும் இடம். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் பயமுறுத்தாது. வெளியூர்க்காரர்களுக்குச் சென்னையில் தங்கிச் சாப்பிடும் செலவுதான் கணக்கைப் புரட்டிப்போடும். வீடு சென்னையிலேயே இருந்தால் தொலைநிலையைவிட இதுவே மேல்.

என் ஓட்டு பெங்களூருக்கு. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் டி.ஆர்.டி.சி.யை (ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையம்) 1962இல் ரங்கநாதனே தொடங்கிவைத்தார். நூலகத் தகவல் அறிவியலில் இரண்டாண்டு எம்.எஸ். படிப்பு. கல்விக் கட்டணம் வாங்காமல் மாதாமாதம் உதவித்தொகை தருவது அங்கே நெடுநாள் வழக்கம். இந்த ஆண்டு விதியைத் தகவல் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பகுப்பு, அட்டவணையாக்கத்தோடு நிரலாக்கம், தரவு மேலாண்மை எல்லாம் சொல்லித்தருவதால், நூலகப் பணியிடம் காலியாகும்வரை காத்திருக்காமல் ஐ.டி. நிறுவனங்களின் பக்கமும் போகலாம். ஆனால் இடங்கள் கொஞ்சம்தான். நுழைவுத் தேர்வு, நேர்காணல் இரண்டையும் தாண்ட வேண்டும்; பாடம் முழுக்க ஆங்கிலம்.

அந்த நுழைவுத் தேர்வு வழக்கமாக மே மாதம் நடக்கும். எழுதிப் பார்த்துக் கிடைக்காவிட்டாலும், இக்னோவின் ஜூலைச் சேர்க்கைக்கு நேரம் இருக்கும்.