எண்ணித் தரும் மோதிரமும் ஏவிவிடும் செயலியும்

நான்கு மாதங்களாக வலக்கைச் சுட்டுவிரலில் அணிந்து வரும் ஒரு மின்னணு தஸ்பீஹ் (இறைத்துதி எண்ணும்) மோதிரத்தையும், அதனோடு இணைந்து கைபேசியில் இயங்கும் திக்ரு (இறைநினைவு ஓதல்) செயலியையும் பற்றிய மதிப்புரை இது. தயாரிப்பாளரின் பெயரை எழுதவில்லை. இந்த வடிவில் பல கருவிகள் விற்பனைக்கு வந்துவிட்ட நிலையில், வாங்க நினைப்பவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் மோதிரம். பக்கவாட்டில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினால் ஓர் எண் கூடும். 33-இல் மெல்லிய அதிர்வும் 100-இல் சற்று நீண்ட அதிர்வும் வருவதால் திரையைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு திக்ரு செய்பவருக்கு இது உண்மையிலேயே வசதி. ஆனால் ஒரு வாரத்துக்குள் ஒன்றைக் கவனித்தேன்: கட்டைவிரல் பழகப் பழக நாவை முந்திக்கொண்டு ஓடுகிறது. "ஸுப்ஹானல்லாஹ்" (அல்லாஹ் தூயவன்) என்ற சொல் முழுதாக உருப்பெறும் முன்பே பொத்தான் அழுந்திவிடுகிறது. ஒருநாள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் உரிய இடத்திலிருந்து உச்சரித்து எண்ணிப் பார்த்தபோது, மோதிரம் 33 காட்டிய நேரத்தில் நான் 28-தான் ஓதியிருந்தேன். இதைக் கருவியின் குற்றம் என்று சொல்ல முடியாது, என் குற்றம்தான். ஆயினும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். நீர் புகாத அமைப்பு என்பதால் ஒளூவின்போது, அதாவது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும்போது, கழற்றாமலே இருந்துவிடத் தோன்றும். இறுக்கமாக இருந்தால் அடியிலுள்ள தோலில் தண்ணீர் படாது. ஆகையால் ஓர் அளவு பெரிதாக வாங்கி, ஒளூவின்போது அசைத்து விடுவது நல்லது.

மோதிரத்தை அணிந்து ஜமாஅத் எனும் கூட்டுத் தொழுகைக்குச் சென்ற முதல் நாளே பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார்: "தம்பி, இது பித்அத் இல்லையா?" பித்அத் என்றால் மார்க்கத்தில் புதிதாகப் புகுத்தப்பட்டது. அவர் கேட்டதில் தவறில்லை. "நமது இம்மார்க்க விஷயத்தில் அதில் இல்லாததைப் புதிதாக உண்டாக்கினால் அது நிராகரிக்கப்படும்" என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்க, புகாரீ, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளில் அது பதிவாகியிருக்க, விரலில் மினுங்கும் ஒரு புதுப்பொருளைப் பார்த்தவுடன் அந்த ஹதீஸ் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் அந்த ஹதீஸ் பேசுவது மார்க்க விஷயத்தைப் பற்றி. எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ள உதவும் பொருள் இபாதத் (வணக்கம்) ஆகாது. அது இபாதத்துக்கான வஸீலா, அதாவது வழிவகை. தொழுகை நேரத்தைச் சொல்லும் கடிகாரத்தையும் இமாமின் குரலைப் பின்வரிசைக்குக் கொண்டுசெல்லும் ஒலிபெருக்கியையும் எந்தக் கணக்கில் வைக்கிறோமோ அந்தக் கணக்கில்தான் இதுவும் வரும்.

நபிவழியில் சிறந்தது விரல்களால் எண்ணுவதே என்பதில் ஐயமில்லை. விரல் நுனிகளால் எண்ணுங்கள், அவை விசாரிக்கப்படும், பேச வைக்கப்படும் என்று நபியவர்கள் பெண்களுக்கு அறிவுறுத்தியதை நபித்தோழியான யுஸைரா (ரலி) அறிவிக்கிறார். மணிமாலையைப் பொறுத்தவரை அறிஞர்கள் ஒரே வரியில் பேசவில்லை. விரல்களே சுன்னத் (நபிவழி) என்று கூறிய இப்னு தைமிய்யா, கொட்டைகளையும் கூழாங்கற்களையும் கொண்டு எண்ணுவதை நல்லது என்கிறார். கோத்த மணிகளைச் சிலர் வெறுத்தனர், சிலர் வெறுக்கவில்லை என்று குறிப்பிட்டு, நிய்யத் (எண்ணம்) நன்றாக இருந்தால் அதுவும் நல்லதே என்று முடிக்கிறார். ஸுயூத்தியோ மணிமாலைக்கு ஆதரவாகத் தனிச் சிறுநூலே எழுதினார். இவ்வளவையும் தொழுகை வரிசையில் பெரியவரிடம் சொல்ல நேரமில்லை. "எண்ணத்தான் ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் மோதிரத்தைப் பற்றிக் கேட்டார். அவர் கேட்டிருக்க வேண்டியது செயலியைப் பற்றி.

செயலியின் முதல் பகுதி நன்றாகவே அமைந்திருக்கிறது. தொழுகைக்குப் பின் ஓதும் ஸுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹு அக்பர் முறையே 33, 33, 33, அதன்பின் நூறை நிறைவு செய்யும் "லா இலாஹ இல்லல்லாஹு வஹ்தஹு". உறங்கும் முன் ஓதும்படி அலீ (ரலி), ஃபாத்திமா (ரலி) இருவருக்கும் கற்றுத் தரப்பட்ட 33, 33, 34. காலை மாலை ஓதல்கள் எல்லாமே தனித்தனித் தாளாக வந்து, மோதிரத்தை அழுத்தும்போது தாமாகப் புரள்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஹதீஸ் தொகுப்பின் பெயரும் எண்ணும் இருக்கின்றன. தமிழ் எழுத்தில் தந்திருக்கும் உச்சரிப்பில் மூன்று வேறு அரபு எழுத்துகளுக்கும் ஒரே "ஸ"தான் என்பதால், ஒலிப்பதிவைக் கேட்காமல் ஓதக்கூடாது என்பதை மட்டும் சொல்லிவிட்டுக் கடக்கிறேன்.

ஒரு பிழையை மட்டும் கடந்துபோக முடியவில்லை. உறக்கத்துக்கு முந்திய துஆவில் (வேண்டுதலில்) "வ பிநபிய்யிகல்லதீ அர்ஸல்த" (நீ அனுப்பிய உன் நபி) என்று வர வேண்டிய இடத்தில் "வ ரஸூலிகல்லதீ அர்ஸல்த" (நீ அனுப்பிய உன் தூதர்) என்று அச்சாகியிருந்தது. பொருள் கெடவில்லையே என்று யாரும் கேட்கலாம். அதே கேள்விக்கு விடை ஏற்கெனவே கிடைத்துவிட்டது: நபித்தோழர் பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அந்தத் துஆவை நபியவர்களிடமே திரும்ப ஓதிக் காட்டும்போது சரியாக இந்த இடத்தில், சரியாக இந்தச் சொல்லைத்தான் மாற்றிச் சொன்னார், நபியவர்கள் "இல்லை, வ நபிய்யிகல்லதீ அர்ஸல்த" என்று திருத்தினார்கள். கற்றுத் தந்த சொல் கற்றுத் தந்தபடியே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நுட்பமான சான்றை நான் அறியேன். ஒரு செயலி தற்செயலாக அதே சொல்லில் வழுக்கி விழுந்ததைப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது. புகார் எழுதி அனுப்பினேன்.

இரண்டாம் பகுதிக்குச் "சிறப்பு அமல்கள்" என்று பெயர். அமல் என்றால் வணக்கச் செயல். என் மனக்குறை முழுவதும் இங்கேதான். இஸ்லாமிய நாட்காட்டியின் ரஜப் மாதத்தில் முதல் வெள்ளி இரவு (வியாழன் மாலை) மஃக்ரிப் தொழுகைக்குப் பின் கைபேசி ஒலித்து, "இன்றைய சுன்னத்தைத் தவறவிடாதீர்கள்" என்றது. திறந்தால் 12 ரக்அத் (சுற்று) தொழுகை. ஒவ்வொரு ரக்அத்திலும் ஃபாத்திஹாவுக்குப் பின் குர்ஆனின் அல்கத்ர் அத்தியாயம் மூன்று முறை, அல்இக்லாஸ் அத்தியாயம் பன்னிரண்டு முறை, இறுதியில் ஸலவாத் (நபிக்கான வாழ்த்து) எழுபது. இத்தனைக்கும் மோதிரம் எண்ணித் தரத் தயாராக இருக்கிறது. ஷஅபான் மாதத்தின் பாதி (15-ஆம்) இரவுக்கு 100 ரக்அத். வேறொரு தாளில் ஸலாத்துன் நாரிய்யா எனும் ஸலவாத் 4444 முறை. எல்லாவற்றுக்கும் பக்கத்தில், தொழுகைக்குப் பிந்திய தஸ்பீஹுக்கு இருக்கும் அதே பச்சைக் குறி. ஹதீஸ் எண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெற்றிடம்.

முதலில் சொன்ன தொழுகைக்கு ரகாயிப் என்று பெயர். அதற்கு வரலாறு உண்டு; அதை ஷஅபான் தொழுகையிலிருந்து தொடங்க வேண்டும். ஷஅபான் பாதி இரவின் சிறப்புத் தொழுகை பைத்துல் முகத்தஸில் (ஜெருசலேமில்) எப்படித் தொடங்கியது என்று அறிஞர் துர்தூஷீ ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார்: ஹிஜ்ரி 448-இல் நாபுலுஸிலிருந்து வந்த ஒருவர் அந்த இரவில் அல்அக்ஸா பள்ளியில் தொழ நின்றார், அவருடைய ஓதல் அழகானது. பின்னால் ஒருவர் வந்து சேர்ந்தார், பிறகு இன்னொருவர், பிறகு மூன்றாமவர், நான்காமவர்; அவர் முடிக்கும்போது பெருங்கூட்டமே நின்றது. மறு ஆண்டும் வந்தார், கூட்டம் பெருகியது, பிறகு ஊர் ஊராகப் பரவியது. ரகாயிப் தொழுகையோ அங்கே 480-க்குப் பின்னரே தோன்றியது என்கிறது அதே செய்தி. இதில் யாரும் மார்க்கத்தைக் கெடுக்க நினைக்கவில்லை என்பதை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. ஓர் அழகான குரல், பின்னால் ஒரு வரிசை, அடுத்த ஆண்டு அது வழக்கம். இன்று அந்த வரிசை அமைய ஓர் அறிவிப்பு ஒலி போதும். அது ஒரே நொடியில் எத்தனையோ கைபேசிகளில் ஒலிக்கிறது.

இந்தக் குறையை ஒரு சாராரின் குரலாக யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதால் எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். புதியது எல்லாமே ஒரே தரம் அல்ல என்று கூறும் நெடிய மரபு இஸ்லாமிய அறிவுலகில் உண்டு. ரமளான் இரவுத் தொழுகையான தராவீஹுக்கு மக்களை ஒரே இமாமின் பின் திரட்டிய கலீஃபா உமர் (ரலி) "இது எவ்வளவு நல்ல பித்அத்!" என்றார். இமாம் ஷாஃபிஈ புதியவற்றைப் புகழத்தக்கது, இகழத்தக்கது என இரண்டாகப் பிரித்தார். ஹிஜ்ரி 660-இல் இறந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அதை வாஜிப் (கட்டாயம்) முதல் ஹராம் (தடுக்கப்பட்டது) வரை ஐந்து வகையாக விரித்தார். மறுபுறம், வணக்கத்தில் உண்டாக்கப்படும் புதுமை எதுவாயினும் வழிகேடே, உமர் (ரலி) சொன்னது அகராதிப் பொருளில்தான், ஏனெனில் நபியவர்களே சில இரவுகள் அத்தொழுகையைக் கூட்டாகத் தொழுதிருக்கிறார்கள் என்பது ஷாத்திபீ போன்ற அறிஞர்களின் நிலைப்பாடு.

ஆனால் நம் செயலிக்கு இந்தக் கருத்து வேறுபாடு கைகொடுக்காது. ரகாயிப் தொழுகையை எதிர்த்து டமாஸ்கஸில் குரல் கொடுத்து, அதை ஆதரித்து எழுதிய இப்னுஸ் ஸலாஹுக்கு மறுப்பும் எழுதியவர், ஐந்து வகைப் பிரிவினையைத் தந்த அதே இஸ்ஸுத்தீன்தான்! நல்ல பித்அத் உண்டு என்று ஏற்ற நவவீயும், ரகாயிபையும் ஷஅபானின் 100 ரக்அத்தையும் இகழத்தக்க பித்அத் என்றே எழுதினார்; புகழ்பெற்ற நூல்களில் அவை இடம்பெற்றிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம் என்றும் எச்சரித்தார். கதவை அகலமாகத் திறந்தவர்களே உள்ளே விடாத ஒன்றுக்குச் செயலி பச்சைக் குறி இட்டு அழைக்கிறது. "பிற்காலத்தில் தோன்றியது, அறிஞர்கள் மறுத்துள்ளனர்" என்று ஒரு வரி எழுதியிருந்தாலும் என் புகாரில் பாதி தீர்ந்திருக்கும்.

எண்ணிக்கையை நிர்ணயிப்பதிலும் செயலிக்கு நிதானம் இல்லை. "ஸுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி" என்று காலையிலும் மாலையிலும் நூறு முறை சொல்பவரைப் பற்றிய ஹதீஸ், அதைவிடக் கூட்டிச் சொன்னவரைத் தவிர வேறு யாரும் அவரை விஞ்ச முடியாது என்று தானே இடம் விடுகிறது. அங்கே கூடுதல் தாராளமாக உண்டு. தொழுகைக்குப் பிந்திய 33 அப்படிச் சொல்லப்படவில்லை. செயலி இரண்டையும் ஒரே இலக்குப் பட்டையில் போட்டு, இரண்டுக்கும் "இன்று 20 விழுக்காடு கூட்டலாமே" என்று தூண்டுகிறது. ஒருவர் தம் வேலை நேரத்துக்கு ஏற்ப நாளுக்கு ஐந்நூறு இஸ்திஃக்பார் (பாவமன்னிப்பு வேண்டல்) என்று வைத்துக்கொள்வது அவருடைய ஒழுங்கு. அந்த ஐந்நூறுக்குத் தனி நன்மை உண்டென்று எவரோ எழுதி அனுப்புவதும் அதை நம்பி ஓதுவதும் வேறு விஷயம். பொதுவாக அனுமதிக்கப்பட்ட ஒரு வணக்கத்துக்கு ஆதாரமின்றி நேரமும் எண்ணும் வடிவமும் பூட்டுவதைத்தான் ஷாத்திபீ "பித்அத் இழாஃபிய்யா" என்றார்.

இனி செயலியில் உள்ள தீச்சுடர்ப் படம். தினமும் இலக்கை முடித்தால் சுடர் வளரும். ஒருநாள் விட்டால் அணையும். காய்ச்சலில் இரண்டு நாள் படுத்து எழுந்தபோது, "உங்கள் 61 நாள் தொடர் முறிந்தது" என்ற வரி என்னை வரவேற்றது. எண்ணிக்கை பூஜ்யம். ஓர் அடியான் நோயுற்றால், அல்லது பயணம் சென்றால், ஆரோக்கியமாகவும் ஊரிலும் இருந்தபோது செய்துவந்த அமலைப் போன்றதே அவனுக்கு எழுதப்படும் என்பது புகாரீயில் உள்ள நபிமொழி. அங்கே எழுதப்படுகிறது, இங்கே அழிக்கப்படுகிறது. நபியவர்களின் துணைவியார் ஸைனப் (ரலி) தொழுகையில் சோர்வு வரும்போது பிடித்துக்கொள்வதற்காக இரண்டு தூண்களுக்கு இடையே கட்டியிருந்த கயிற்றைப் பார்த்த நபியவர்கள், "அவிழ்த்து விடுங்கள், உற்சாகம் இருக்கும்வரை தொழட்டும், சோர்ந்தால் உட்காரட்டும்" என்றார்கள். இந்தச் செயலி இரவு பதினொரு மணிக்கு, "இன்னும் 140 மீதம்" என்று கயிற்றை மீண்டும் கட்டுகிறது. குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற ஹதீஸை அதே திரையின் அடியில் அலங்காரமாக எழுதி வைத்திருப்பதுதான் வேடிக்கை. நண்பர்களின் எண்ணிக்கையை வரிசைப்படுத்திக் காட்டும் பட்டியலை முதல் நாளே மூடினேன். யார் எத்தனை ஸலவாத் சொன்னார் என்பது எனக்குத் தெரிய வேண்டியதில்லை, என்னுடையது அவர்களுக்கும் தெரிய வேண்டியதில்லை.

ஐந்தில் மதிப்பெண் தருவதானால் மோதிரத்துக்கு நான்கு, செயலிக்கு இரண்டு. வாங்க நினைப்பவர் வாங்கலாம். ஆனால் அமைப்புகளுக்குள் சென்று "சிறப்பு அமல்கள்" அறிவிப்பு, தொடர், நண்பர் பட்டியல், இலக்கு உயர்த்தல் ஆகிய நான்கையும் அணைத்த பின்னரே பயன்படுத்தத் தொடங்க வேண்டும். அதன் பிறகு எஞ்சுவது அடக்கமான, உருப்படியான ஒரு கருவி.

புகார் அனுப்பி மூன்று வாரங்களில் புதிய பதிப்பு வந்தது. துஆவில் "வ பிநபிய்யிக" என்று திருத்தியிருந்தார்கள். மனமாரப் பாராட்டி எழுதினேன். ரகாயிபின் பக்கத்தில் பச்சைக் குறி அப்படியே இருக்கிறது, அதைப் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மோதிரத்தை இரவில்தான் சார்ஜ் செய்ய வேண்டியிருப்பதால், உறங்கும் முன் ஓதும் 33, 33, 34-ஐ விரல்களிலேயே எண்ணிக்கொள்கிறேன்.