பழைய கார் முன்சக்கர அலைன்மென்ட்: டேப்பா, நூலா, கம்ப்யூட்டரா?

அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்கள்) எந்த முறையில் பார்ப்பதானாலும் முதலில் மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டயரை இடமும் வலமுமாகப் பிடித்து அசையுங்கள். ‘டக்’ என்றால் பெரும்பாலும் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு). மேலும் கீழுமாகப் பிடிக்கும்போது ஆடினால் பால் ஜாயின்ட் (சஸ்பென்ஷனின் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். ஆட்டத்தோடு எடுத்த அளவு அடுத்த பள்ளம் வரைக்கும்கூட நிற்காது.

டேப் முறைக்கு இரண்டு பேர் போதும். டயரின் முன்பக்கம் சாக்பீஸில் குறி போட்டு இடைவெளியை அளந்து, வண்டியை அரைச்சுற்று உருட்டி, அதே குறிகளைப் பின்பக்கம் அளக்க வேண்டும். உருட்டாமல் அளந்தால் ரிம்மின் கோணல் அளவில் ஏறிவிடும். இதில் மொத்த டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டுமே தெரியும். எந்தச் சக்கரம் திரும்பியிருக்கிறது என்பது தெரியாது. பல வண்டிகளில் டேப்பை நேராகப் பிடிக்க எஞ்சினின் அடிப்பகுதியும் விடாது.

டோ பார்க்க நூல்தான் என் தேர்வு. ஸ்டியரிங்கை நேராக வைத்து, இருபுறமும் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) உயரத்தில் நூலை இழுத்துக் கட்டுங்கள். நூலின் தூரத்தை ரிம்மிலிருந்து அல்ல, ஹப் நடுவிலிருந்து அளந்து, இடமும் வலமும் சமமாக வையுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: முன் சக்கரங்கள் இரண்டுக்கும் இடையிலான அகலம் பின்னதைவிட 20 மி.மீ. அதிகமென்றால், முன் ஹப்பில் நூல் ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. நெருங்கியிருக்க வேண்டும். பிறகு ரிம்மின் முன், பின் விளிம்புகளிலிருந்து நூலுக்கு உள்ள தூரத்தை எடுங்கள். முன்விளிம்பு நூலிலிருந்து அதிகம் தள்ளியிருந்தால் டோ-இன், அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருக்கிறது. 14 அங்குல ரிம்மில் 1 மி.மீ. வித்தியாசம் சுமார் 0.15 டிகிரி. ஜாக்கிலிருந்து இறக்கியதும் அளக்காதீர்கள். டயர் இறுகி நிற்கும். ஒரு வண்டி நீளம் முன்னும் பின்னும் உருட்டியபின் அளங்கள்.

கேம்பருக்கு (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது) நூல் உதவாது, தூக்குக்குண்டு போதும். அதே ரிம்மில் மேலுக்கும் கீழுக்கும் 6.5 மி.மீ. வித்தியாசம் ஏறக்குறைய 1 டிகிரி.

காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் திரும்பும் அச்சு முன்னோ பின்னோ சாய்ந்திருப்பது), பின் ஆக்சில் கோணல் இரண்டுக்கும் கம்ப்யூட்டர்தான் வசதி. ஆனால் கிளாம்ப் மாட்டியதும் சக்கரத்தைச் சுழற்றியோ வண்டியை உருட்டியோ ரன்-அவுட் (ரிம்மோ கிளாம்போ கோணலாகச் சுழல்வது) திருத்தம் செய்கிறார்களா என்று கவனியுங்கள். பழைய மாடலின் அளவு அதில் இல்லாமலும் போகலாம். வொர்க்‌ஷாப் மேனுவலோடு போங்கள். மேனுவல் பயாஸ் டயர் (ரேடியலுக்கு முந்தைய பழைய வகை டயர்) காலத்தது என்றால், ரேடியலுக்கு அதைவிடக் குறைந்த டோ-இன் போதும்.

எந்த முறையானாலும் டை ராடைத் திருப்பி டோவைச் சரிசெய்து, அதன் லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போது டை ராடும் கூடவே திரும்பும்.