வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? முதலில் ஏகேபிகே போய் வாருங்கள்

சுங்கை சிப்புட்டில் வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்கள், ஏஜெண்டைப் பார்க்கும் முன் ஈப்போ ஏகேபிகேவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு அது; ஆலோசனைக்குக் காசு கிடையாது. கடனில் மூழ்கியவர்களுக்கு மட்டும்தான் அந்த இடம் என்று எங்கள் தோட்டத்தில் பலர் நினைக்கிறார்கள். கடன் வாங்கும் முன்பும் தாராளமாகப் போகலாம்.

நான் செம்பனை ஆலையில் கிராணி, அதாவது குமாஸ்தா. கைக்கு வருவது மாதம் 3,400 வெள்ளி (ரிங்கிட்). குடியிருக்கும் வீட்டுக்கு 610, காருக்கு 520, பிடிபிடிஎன் என்ற உயர்கல்விக் கடனுக்கு 150 கட்டுகிறேன். ஏகேபிகே அதிகாரி முதலில் கேட்டது சம்பளச் சீட்டையும், நம் கடன்களையெல்லாம் காட்டும் பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையையும்தான். கடந்த 12 மாதங்களில் எந்தத் தவணை தாமதமானது என்பது அதில் அப்படியே தெரியும். பேங்க்காரர்கள் பார்ப்பதும் அதைத்தான்.

பிறகு தாளை எடுத்தார். இரண்டு லட்சம் வெள்ளி வீடு, 90% கடன், 35 வருடம். வட்டி 4% என்றால் மாதம் 797 வெள்ளி. அதுவே 5% ஆனால் 908. பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதமான ஓபிஆர் ஏறினால் தவணையும் ஏறும். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு மாடி வீட்டுக்கு 600 வெள்ளி வாடகை வந்தால் பெரிய விஷயம். தவணையின் மிச்சத்தோடு சுக்காய் தானாவும் (நில வரி) சுக்காய் பிந்துவும் (வீட்டு வரி) என் கையிலிருந்துதான் போக வேண்டும். வீடு மூன்று மாதம் காலியாகக் கிடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இப்போதே வாங்கினால் சம்பளத்தில் 61% தவணைக்கே போய்விடும். கார் கடன் முடிந்தபின் வாங்கினால் அது 46%. அடுத்த வருடம் கார் கடன் முடிகிறது, அதுவரை பொறுக்கப் போகிறேன். 10% முன்பணத்துக்கு மேல் பெயர் மாற்ற முத்திரை வரி 3,000, கடன் பத்திரத்துக்கு 900, அப்புறம் லாயர் கூலி என்று பட்டியல் நீண்டது. அதைச் சேர்க்கவும் அவகாசம் கிடைக்கிறது.

இதற்கு முன் ஒரு ஹோட்டலில் நடந்த கட்டண வகுப்புக்கும் போயிருந்தேன். விலையை ஏற்றி அக்ரிமெண்ட் போட்டுக் கூடுதல் கடன் எடுங்கள், சிசிஆர்ஐஎஸ்ஸில் ஏறுவதற்குள் ஒரே நேரத்தில் நாலைந்து பேங்கில் லோன் போடுங்கள் என்று மைக்கில் சொன்னார்கள். பேங்கிடம் பொய் சொல்லித் தொடங்கும் வியாபாரம் அது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கையோடு பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி, 1960-இல் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் தோட்டங்களையே வாங்கிய சனம் நம்முடையது. நம் பிள்ளைகளுக்கு இதையா கற்றுத்தருவது?

ஏகேபிகே கடன் கொடுக்காது, எந்த வீடு நல்ல வீடு என்றும் சொல்லாது. அதற்கு நாம்தான் தாமான் தாமானாக அலைய வேண்டும். ஆனால் உங்கள் லோனில் அவர்களுக்குக் கமிஷன் இல்லை. எனக்கு அது போதும்.

தம்பதியாகப் போகிறவர்கள் கூட்டுப் பெயரைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். கூட்டாக எடுக்கும் கடன் இருவர் கணக்கிலும் ஏறும். அந்தக் கணக்கு முக்கியம்; ஒருவருக்கு மூன்றாவது வீட்டுக் கடனிலிருந்து வீட்டு விலையில் 70%-க்கு மேல் கடன் கிடைக்காது.