மோட்டரை மாற்றுவதா, தாங்கியை உயர்த்துவதா?

ஆவணி மாதம் வந்தால் வன்னியில் பல வீடுகளில் ஒரே முறைப்பாடுதான். பைப்பைத் திறந்தால் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. கடைக்குப் போனால் ஒன்றரைக் குதிரைவலு மோட்டரைக் காட்டுவார்கள். மேசனைக் கேட்டால் தாங்கியை இன்னும் ஐந்தடி உயர்த்தச் சொல்லுவார். வயரிங் செய்யும் தம்பியோ, "பிரஷர் பம்ப் ஒண்டு பூட்டுங்கோ அண்ணை, சோலி முடிஞ்சுது" என்பான். மூன்று பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். காசைக் கிணற்றில் போட்ட கதையாகவும் முடியலாம்.

எதை வாங்குவது என்று யோசிக்க முன்னர் ஒரு 10 லீற்றர் வாளியை எடுங்கள். மோட்டர் ஓடும்போது தாங்கிக்குள் விழுகிற தண்ணீரை அதில் பிடித்து, நிறைய எத்தனை விநாடி எடுக்கிறது என்று போனில் பாருங்கள். பிறகு குளியலறைப் பைப்பிலும் அதையே செய்யுங்கள். எங்கள் வீட்டில் தாங்கி வாயில் 20 விநாடி, குளியலறையில் இரண்டு நிமிடத்துக்கு மேல். ஆக, மோட்டரில் குற்றமே இல்லை. தண்ணீர் இறங்கும் பக்கத்தில்தான் கோளாறு. புது மோட்டருக்கு விலை கேட்டுவிட்டு வந்த அன்றைக்குத்தான் இதைச் செய்தேன் என்பது தனிக்கதை.

இறங்கும் பக்கத்தில் போட்டி மூன்றுக்கு இடையில்: தாங்கியை உயர்த்துவது, தாங்கித் தண்ணீரை அழுத்தித் தள்ளும் பிரஷர் பம்ப் பூட்டுவது, பைப்பைப் பெரிதாக்குவது. பத்தடி உயரத்துத் தண்ணீர் தருகிற அழுத்தம் 4.3 பிஎஸ்ஐ (சதுர இஞ்சிக்கு இத்தனை இறாத்தல் என்ற அளவு) மட்டும்தான். தூணுக்குக் கம்பி, சீமெந்து, கூலி எல்லாம் கொட்டி ஐந்தடி உயர்த்தினால் மேலதிகமாகக் கிடைப்பது இரண்டு பிஎஸ்ஐ சொச்சம். தாங்கியின் அடி ஷவருக்கு மேலே மூன்றடிதான் நிற்கிறது என்றால் உயர்த்துவதில் நியாயம் இருக்கிறது. மற்றவர்கள் மேசனுக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாம்.

பிரஷர் பம்ப் மாடி வீட்டுக்கும், ஷவர் வேகமாக அடிக்க வேண்டும் என்பவர்களுக்கும் நல்லது. ஆனால் பைப்புக்குள் அடைப்பு இருந்தால் அது அடைப்போடுதான் மல்லுக்கட்டும். எங்கேயாவது ஒரு பைப் சொட்டினால் இரவு முழுக்க 'டொக், டொக்' என்று ஓடி நிற்கும். கரண்ட் போனால் அதன் வேலையும் போச்சு.

நான் வாக்குப் போடுவது பைப்புக்கு. அரை இஞ்சியை முக்கால் இஞ்சி ஆக்கினால் தண்ணீர் போகும் வழியின் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. உரசலும் நன்றாகக் குறைகிறது. தாங்கியிலிருந்து குளியலறை வரை முக்கால் இஞ்சி அல்லது ஒரு இஞ்சி, கடைசித் துண்டு மட்டும் அரை இஞ்சி, எல்போ என்கிற வளைவுத் துண்டுகள் குறைவாக. இது போதும். எங்கள் வீட்டில் தாங்கிக்குக் கீழே பழைய இரும்புப் பைப் ஒரு முழம் கிடந்தது. அதை அறுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். துருவும், கேத்திலின் அடியில் பிடிக்குமே அந்த வெள்ளைக் காரையும் சேர்ந்து, உள்ளே ஒரு பென்சில் போகிற அளவு ஓட்டைதான் மிச்சம். அந்த ஒரு முழத்தை மாற்றினதோடு ஷவர் உயிர் பெற்றுவிட்டது. ஷவர் தலையை மட்டும் ஒரு இரவு வினாகிரியில் ஊறப் போட்டேன்.

மாமி வீட்டில் கதை தலைகீழ். அங்கே தாங்கி வாயிலேயே தண்ணீர் இருமி இருமி, பால் நிறத்தில் விழுந்தது. அப்படி விழுந்தால் உறிஞ்சும் பைப்பில் காற்று இழுக்கிறது என்று அர்த்தம். வெளியே ஈரம் தெரியாது, ஏனென்றால் அங்கே தண்ணீர் கசியாது, காற்றுத்தான் உள்ளே போகும். சவர்க்கார நுரையை ஒவ்வொரு பொருத்திலும் அப்பிப் பார்த்தோம். மோட்டருக்குப் பக்கத்து யூனியனில் (கழற்றிப் பூட்டும் இணைப்பில்) அப்பிய நுரை மட்டும் கண் முன்னே சுருங்கி உள்ளே போனது. வாசர் மாற்றியதும் சரி. காலையில் ஒவ்வொரு நாளும் தண்ணீர் வார்த்துத்தான் மோட்டரை ஓட்ட வேண்டியிருந்தால், முதலில் புட்வால்வை, அதாவது உறிஞ்சும் பைப்பின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வை, சந்தேகியுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் ஏறவில்லை என்றால்தான் பெரிய மோட்டரா, மோட்டரை இறக்குவதா, நீர்மூழ்கி மோட்டரா என்ற கேள்வி வருகிறது. மேலே வைத்த மோட்டர் எவ்வளவு பெரிதானாலும் காற்றழுத்தத்தை நம்பித்தான் தண்ணீரை எடுக்கிறது. தண்ணீர் மட்டத்திலிருந்து மோட்டர் வரை கணக்குப்படி எல்லை 10.3 மீற்றர் (ஏறக்குறைய 34 அடி), நடைமுறையில் 25 அடி தாண்டினால் திணறும். குதிரைவலுவைக் கூட்டி அந்த எல்லையைத் தாண்ட முடியாது. வவுனியாப் பக்கத்துப் பாறைக் கிணறுகளில் ஊற்று மெல்லத்தான் ஊறும், அங்கே பெரிய மோட்டர் பத்து நிமிடத்தில் கிணற்றை வறட்டிவிட்டுக் காற்றைக் குடிக்கும். மாலையில் வோல்ட்டேஜ் 190க்கு இறங்குகிற இடமென்றால், 230இல் மோட்டரைச் சுழலத் தொடங்க வைக்கிற முறுக்கு விசையில் மூன்றில் ஒரு பங்கு இல்லாமல் போகும். அங்கே பெரிய மோட்டர் உறுமிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

கிணற்றுக்குள் தட்டுக் கட்டி மோட்டரை இறக்குவது மலிவான, நல்ல யோசனை. ஒரே ஒரு பயம் மாரி. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தண்ணீர் ஒரே இரவில் தட்டைத் தாண்டிவிடும். பக்கத்து வளவு அண்ணை 'நாளைக்கு ஏத்துவம்' என்று இருந்து, அடுத்த கிழமை மோட்டரை வைண்டிங்குக்கு (உள்ளே கம்பிச் சுருள் புதிதாகச் சுற்ற) கொண்டுபோனார்.

நீர்மூழ்கி மோட்டர் உறிஞ்சுவதில்லை, அடியிலிருந்து தள்ளுகிறது. ஆழக் குழாய்க்கிணற்றுக்கு அதுதான் வழி. கட்டுக்கிணற்றில் போடுவதென்றால் இரண்டு விஷயம். குழாய்க்கிணற்றுக்கென்று செய்த ஒடுக்கமான மோட்டரைச் சுற்றி ஒரு உறைப் பைப் போட வேண்டும். தண்ணீர் அதை உரசி ஓடினால்தான் சூடு தணியும். தண்ணீர் வற்றினால் தானாக நிற்கும் மிதவைச் சுவிட்சும் கட்டாயம். தூக்கி இறக்குவது கயிற்றில், வயரில் இல்லை.

மாமி நீர்மூழ்கி மோட்டர் இன்னும் வாங்கவில்லை. மோட்டரிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளக்க, ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, கல்லும் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இறக்கிப் பார்த்துவிட்டுப் போன் எடுப்பா. போன கிழமை 22 முடிச்சு. "இருபத்தஞ்சு வந்தாச் சொல்லுறன்" என்றா.