சௌராஸ்தா மாடியில் ஒரு பழைய காமிக்ஸ் கடை

மலேசியாவின் பினாங்கில், பினாங்கு சாலையில் இருக்கும் சௌராஸ்தா மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கீழேயே சாதிக்காய் ஜெருக் (ஊறுகாய்) வாங்கிக்கொண்டு, பக்கத்துச் சந்தில் செண்டோல் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மாடிக்கும் ஏறிப் பாருங்கள். அங்கே பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, அதில் ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பள்ளிப் பாடநூல்களை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள், அதற்குப் பின்னால் தரையில் வாழைப்பழப் பெட்டிகளில் காமிக்ஸ் கிடக்கும். கடைக்காரரை எல்லாரும் 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே.

நான் காமிக்ஸுக்குக் கதை எழுத ஆசைப்படுகிறவள். புது நாயகர்களைவிட, ஒரு காலத்தில் வந்து யாரும் கவனிக்காமல் ஒதுங்கிப்போன நாயகர்களைத் திரும்பக் கொண்டுவருவதில்தான் எனக்கு ஈடுபாடு. அதற்கு இந்தக் கடை மாதிரி ஓர் இடம் வேண்டும். இணையத்தில் கிடைப்பது கதைச்சுருக்கம் மட்டும். பழைய இதழைக் கையில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினால்தான், அந்தக் காலத்து எழுத்தாளர் அவசரத்தில் எதைத் தொட்டுவிட்டு அப்படியே விட்டுப் போனார் என்பது கண்ணில் படும். விட்டுப்போன அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் கதை எழுத முடியும். உடையை மாற்றி, கண்ணைச் சிவப்பாக்கி, முகத்தைக் கடுகடுவென்று வைத்துவிட்டால் பழைய நாயகன் உயிர்பெற்று வந்துவிட மாட்டான்.

முதல் தடவை போனபோது தேடியது இரும்புக்கை மாயாவியை. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியதே அவரை வைத்துத்தான். நானா மூன்று இதழ் எடுத்துக் கொடுத்தார், ஒன்று 8 வெள்ளி (ரிங்கிட்). மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும் என்ற அந்த ஒரு கற்பனை இன்றைக்கும் மெய்சிலிர்க்க வைக்கிறது. ஆனால் அவர் 1962-ல் பிரிட்டனில் பிறந்தவர், 2018-லிருந்து உரிமை ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது. ஆசைப்படலாம், தொட முடியாது.

"உரிமை போன ஆளாப் பாரு தங்கச்சி" என்று நானாதான் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் அடுத்த வாரமே ஒரு புத்தகத்தை எடுத்து வைத்திருந்தார், 2014-ல் வந்த 'தி ஷேடோ ஹீரோ'. இதன் பின்னணியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1944-ல் சூ ஹிங் என்ற சீன அமெரிக்க ஓவியர் கிரீன் டர்ட்டில் என்று ஒரு நாயகனை வரைந்தார். ஐந்தே இதழ்கள். அவற்றில் நாயகனின் முகம் சரியாகத் தெரியவே தெரியாது, திரும்பி நிற்பார், இல்லையென்றால் கையோ நிழலோ மறைத்திருக்கும். அவரைச் சீனராகக் காட்டப் பதிப்பாளர் விடவில்லை, அதனால்தான் முகத்தையே மறைத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. எழுபது ஆண்டு கழித்து ஜீன் லுவென் யாங் எழுத, நம் சிரம்பானில் பிறந்த சோனி லியூ வரைந்து, அந்த மறைந்த முகத்திலிருந்தே முழுக் கதையையும் பின்னிவிட்டார்கள். 20 வெள்ளிக்கு வாங்கினேன், கோம்தாரில் பஸ் வரும்வரை நின்றபடியே பாதி படித்துவிட்டேன்.

சரி, என் யோசனைக்கு வருகிறேன். அதுவும் இந்தக் கடையில் கிடைத்ததுதான். அட்டை கிழிந்த ஓர் அமெரிக்க மறுபதிப்புத் தொகுப்பில் பிளாக் டெரர் என்ற நாயகர் இருந்தார். 1941-ல் எக்சைட்டிங் காமிக்ஸ் 9ஆம் இதழில் அறிமுகமானவர். அங்கே அப்போது 28 ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும், அந்தக் கதைகளுக்கு யாரும் புதுப்பிக்கவில்லை, அதனால் அவை பொதுச் சொத்து. பாப் பென்டன் என்ற மருந்துக் கடைக்காரர், ஃபார்மிக் ஈதரை வைத்து ஏதோ ஆராய்ச்சி செய்யும்போது அபார பலம் பெறுகிறார், மார்பில் மண்டை ஓடு போட்ட கறுப்பு உடையில் சண்டைக்குக் கிளம்புகிறார். அவ்வளவுதான். அவர் மருந்துக்காரர் என்பதை நான் படித்த கதைகள் இரண்டே பக்கத்தில் மறந்துவிடுகின்றன.

ஃபார்மிக் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு ரப்பர் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுவார்களே, அதுவும் ஃபார்மிக் அமிலம்தான், எறும்பு கடித்தால் எரிகிறதே அதே அமிலம். என் பாட்டி பால்மரம் சீவியவர். பாலை உறைய வைக்கும் ஸ்டோருக்குள் போனாலே அந்த வாடை மூக்கைப் பிடுங்கும் என்பார். அப்புறம் அந்த ஆண்டைப் பாருங்கள், 1941. டிசம்பர் 11-ல் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் ஜப்பான் குண்டு விழுகிறது, வெள்ளைக்காரர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றி அனுப்புகிறார்கள், 19ஆம் தேதி ஜப்பானியர் கையில் தீவு. என் கதையில் ஒரு தோட்டத்து டிரசர், அதாவது டாக்டருக்கு உதவியாக மருந்து கொடுப்பவர், இருக்கிறார். துரை ஓடிவிட்டார், டாக்டர் இல்லை, லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், நானூறு பேருக்கு மருந்து இவரிடம்தான். விஷ பாட்டிலில் ஒட்டும் மண்டை ஓடுதான் மார்பில் ஏறுகிறது. அதன்பின் ஜப்பானியர் சயாமில் போட்ட ரயில் பாதை வேலைக்கு ஆட்களை ஏற்றுகிறார்கள், இவரும் கூடவே போகிறார். பத்துப் பேரைத் தூக்கி எறியும் பலம் இருக்கிறது, ஆனால் அங்கே ஆட்களைக் கொல்வது காலராவும் மலேரியாவும். அடித்து வீழ்த்த முடியாத எதிரி முன்னால் அவர் மறுபடி மருந்துக்காரராக வேண்டியிருக்கிறது. பெயரையும் பின்னால் வேறு பதிப்பகங்கள் சேர்த்த எதையும் தொட மாட்டேன், நாற்பதுகளின் கதையில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

இதையெல்லாம் கடையில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தே குறித்துக்கொண்டேன். மூன்று மணி நேரம், வாங்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடுவில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) கூட வந்தது.

குறைகளும் உண்டு. எதிலும் விலை ஒட்டியிருக்காது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், ஒரே மாதிரி இரண்டு இதழுக்கு இரண்டு விலை சொன்னதும் நடந்திருக்கிறது. தமிழ் இதழ்கள் பெட்டியின் அடியில், ஈரம் பட்டுப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன, இது எனக்கு உண்மையிலேயே மனக்கஷ்டம். பிளாஸ்டிக் உறை வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், நானா சரி என்றிருக்கிறார். ரொக்கம் கொண்டுபோங்கள், 50 வெள்ளி இருந்தால் தாராளம். காலையில் போவது நல்லது, அப்போதுதான் பெட்டிகளை இறக்கிக் காட்டுவார். கறுப்பு மார்க்கரில் 'டிரசர்' என்று எழுதிய பெட்டியை மட்டும் விட்டுவிடுங்கள், அது எனக்காக எடுத்து வைத்தது.